ஏழு பாட்டுக்கு ஒரு நாவல்

ஒரு நாவல் அச்சுக்குப் போவதற்கு முன்னால், அதன் கருப்பொருளுக்குப் பொருத்தமான ஏழு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து அதோடு இணைத்தாக வேண்டும் என்பது நாவல் மேம்பாட்டு வாரியத்தின் விதி. இந்த விதி ஏன் வந்தது என்று வாரியமே ஒரு சிறு புத்தகம் போட்டு விளக்கியிருக்கிறது. மக்கள் நாவல் படிப்பதில்லை. ஆனால் பாட்டுக் கேட்கிறார்கள். ஆகையால் நாவலோடு பாட்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால், யாரும் படிக்காமலேயே நாவல் மேம்பட்டுவிடும். படித்தவர்கள் பலர் உட்கார்ந்து யோசித்த விஷயம். யாரும் மறுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. பேசியிருந்தால் நாவல் எழுதுகிறவர்கள்தான் பேசியிருப்பார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்க வாரியத்தில் பிரிவு எதுவும் இல்லை.

கவுன்ட்டரம்மாவுக்கு இந்த விதி தெரியாது. பேருந்து டெப்போவில், பயணிகள் தவறவிட்டுப் போன பொருள்களைப் பத்திரப்படுத்தித் திருப்பிக் கொடுக்கும் கவுன்ட்டர் அவளுடையது. அதனால்தான் அந்தப் பெயர். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல்செட். அந்தப் பல்செட்டைத் தேடி மூன்று பேர் வந்தார்கள். மூவருமே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம் என்று அடம்பிடித்தார்கள். அதுதான் அவள் எழுதிய நாவலின் இரண்டாம் அத்தியாயம்.

நாவல் அவள் கணவரைப் பற்றியது. அதே டெப்போவில் டிரைவர். டெப்போ முழுக்க அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடும். வாயால் பேச வேண்டியதில் பாதியை ஹாரனில் பேசிவிடுவார். தெரிந்தவர்களைப் பார்த்தால் சின்னதாக இரண்டு, பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனரைப் பார்த்தால் நீளமாக ஒன்று. வீட்டுக்குள் நுழையும்போதும் வாயாலேயே அடித்துக்கொண்டு வருவார். மகள் சின்ன வயதில் பதிலுக்கு பிரேக் போடுகிற சத்தம் கொடுப்பாள். அந்த மனிதர் ஒருநாள் பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், மடியில் பழைய வாரப்பத்திரிகையை விரித்து வைத்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார். இதயம். நர்ஸ் பலமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். பயந்துபோய்த் தூங்குவதுபோல நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாளாம். உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். "என் தம்பி அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லை" என்றாள் நாத்தனார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். பொறுமைசாலி என்றார்கள், முனிவர் மாதிரி என்றார்கள். கவுன்ட்டரம்மா அப்படி ஒருவரோடு குடும்பம் நடத்தியதே இல்லை. கொஞ்ச நாளில் அந்த முனிவர் வீடு முழுக்க நிறைந்துவிட்டார். ஹாரனைத்தான் காணோம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள்கூட அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

ஆகவே கவுன்ட்டரம்மா எழுதினாள். கவுன்ட்டரில் கூட்டமில்லாத மத்தியானங்களில், இரண்டு வருஷம். எழுதும்போது அவளே சிரித்ததை டெப்போவில் பலர் பார்த்திருக்கிறார்கள். வாரியம் அந்த நாவலைத் தேர்ந்தெடுத்தது. அச்சிட்டு எல்லா நூலகங்களுக்கும் அனுப்புவதாகச் சொன்னது. "ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி இருக்கு, நேர்ல வந்துட்டுப் போங்க" என்று போனில் சொன்னார்கள்.

சின்ன வேலை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. பாடல் இணைப்புப் பிரிவு என்று பலகை தொங்கிய அறையில் கருப்பொருள் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மென்மையான மனிதர். மேஜை சுத்தமாக இருந்தது, அதன்மேல் எதுவும் நடந்ததற்கான அடையாளமே இல்லாத அளவுக்கு.

"உட்காருங்கம்மா. உங்க நாவலோட கருப்பொருளை முடிவு பண்ணியாச்சு. இழப்பு."

"இழப்பா?"

"இழப்பு."

"சார், அது சிரிப்புக் கதை சார்."

அதிகாரி அவளை இரக்கத்தோடு பார்த்தார். துக்கத்தில் இருப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள் என்ற பார்வை.

"நீங்க படிச்சுப் பார்த்தீங்களா சார்?"

"சேச்சே!" அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "இந்தப் பிரிவுல யாரும் நாவல் படிக்கக்கூடாதும்மா. படிச்சா நமக்குன்னு ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்துட்டா நடுநிலை போயிடும். இத்தனை வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு நாவல்? ஒரு பக்கம்? என் மேல ஒரு புகார் கிடையாது."

"அப்ப இழப்புன்னு எப்படி சார்...?"

"விண்ணப்பத்துல கணவர் பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு நீங்களே போட்டிருக்கீங்க. வேலை பார்க்கிறது, தவறவிட்ட பொருள் பிரிவு. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்னம்மா ஆதாரம் வேணும்?"

"தொலைக்கிறது மத்தவங்க சார். நான் திருப்பிக் கொடுக்கிறவ."

இதைச் சற்று நேரம் யோசித்த அதிகாரி, யோசித்ததை விட்டுவிட்டார். வாரியம் அங்கீகரித்த கருப்பொருள்கள் ஆறு என்றார். காதல், இழப்பு, காத்திருப்பு, தாய்மை, மண், போராட்டம். உலகத்தில் எழுதப்பட்ட, இனி எழுதப்படப்போகிற எல்லா நாவல்களும் இந்த ஆறுக்குள் அடங்கும் என்று ஒரு குழு கண்டுபிடித்திருக்கிறது. ஏழாவது ஒன்று இருக்கிறதா என்று ஆராய இன்னொரு குழு போட்டார்கள். அது இல்லை என்று சொல்லிவிட்டது.

"சிரிப்புன்னு ஒண்ணு சேர்க்க முடியாதா சார்?"

"சிரிப்பு கருப்பொருள் இல்லைம்மா" என்றார் அவர் அன்பாக. "அது ஒரு பக்கவிளைவு."

*

பாட்டுத் தேர்வு கேட்பறையில் நடந்தது. சுவர் முழுக்கத் தடித்த துணி ஒட்டிய அறை. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. நாவலாசிரியர் அதில் உட்கார வேண்டும். பாட்டு ஒவ்வொன்றாக ஒலிக்கும். எதிரே குழு உட்கார்ந்து நாவலாசிரியரின் முகத்தைப் பார்க்கும். எந்தப் பாட்டுக்குக் கண்ணீர் வருகிறதோ அந்தப் பாட்டு பொருத்தம். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர் ஒருவர். பாட்டு ஓடும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். யார் முகத்தைப் பார்க்க வேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் உணர்ந்துகொண்டிருந்தார்.

கவுன்ட்டரம்மா விடிகாலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். முதல் பாட்டில் ஒருத்தி ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதாள். இரண்டாவது பாட்டில் வேறொருத்தி அதே மாதிரி ஒரு ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழாமல் இருந்தாள். மூன்றாவதில் மழை. நாற்காலி மெத்தென்று இருந்தது. டெப்போவில் மரப்பலகையில் உட்கார்ந்து பழகிய உடம்புக்கு அது பெரிய சோதனை. நான்காவது பாட்டின் நடுவில் அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது. வாயைத் திறக்காமல் அடக்கினாள். அடக்கின கொட்டாவி கண் வழியாக வந்தது.

"வந்துடுச்சு" என்று கிசுகிசுத்தார் கருப்பொருள் அதிகாரி.

"எனக்குத் தெரியும்" என்றார் பேராசிரியர், கண்ணைத் திறக்காமலே.

அதன் பிறகு, மறுபடி போட்ட முதல் மூன்று உட்பட, அவள் கொட்டாவி விட்ட பாட்டு எல்லாம் பொருந்தியது. சாயங்காலத்துக்குள் ஆறு பாட்டு தேர்வாகிவிட்டது. வாரியத்தில் இவ்வளவு வேகமாக இதற்கு முன் எதுவும் நடந்ததில்லை என்று எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். பேராசிரியர் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

"அம்மா, உங்க துக்கம் ரொம்ப சுத்தமான துக்கம். இதுக்கு முன்னாடி வந்தவரு மூணு நாள் உட்கார்ந்தாரு, ஒரு சொட்டு வரலை. அவரு நாவல் எப்படிப்பட்டதா இருக்கும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் ஐம்பது வருஷமா இசை சொல்லிக் கொடுத்தவன். ஒருத்தர் நிஜமா அழறாங்களா இல்லையான்னு எனக்குப் பார்க்கவே வேண்டாம்."

"தூக்கம் சார்" என்றாள் கவுன்ட்டரம்மா.

"ஆமாம், துக்கம்" என்றார் அவர்.

ஏழாவது பாட்டு பாக்கி இருந்தது. நாவலுக்குள்ளேயே ஒரு பாட்டு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாமே என்றாள். குழு ஆவலோடு கேட்டது. மெக்கானிக் ஒருவர் ஓய்வுபெற்ற விழாவில் ஹாரன் பாடிய பாட்டு அது. முதல் வரிக்குப் பிறகு வார்த்தை மறந்துபோயிற்று. நிறுத்துகிற ஆளா? அதே மெட்டில் தன் ரூட்டிலுள்ள நிறுத்தங்களின் பெயரை வரிசையாகப் பாடிவிட்டார். சரணத்தில் டெர்மினஸ் வந்ததும் எல்லோரும் எழுந்து இறங்குவதுபோல நடித்தார்கள்.

பேராசிரியர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "இயற்றினது யார்?"

"யாரும் இல்லை சார். அது நிறுத்தத்தோட பேருங்க."

"நிறுத்தம்னா அது போக்குவரத்துத் துறையோட சொத்து" என்றார் அதிகாரி கவலையாக. "அவங்க கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு வாங்கணும்."

அதற்கும் அவள் அலைந்தாள். அவள் வேலை பார்ப்பதே போக்குவரத்துத் துறையில்தான். ஆகவே தன் மேலதிகாரி வழியாக, அவருக்கு மேலதிகாரி வழியாகக் கேட்டாள். பாட்டின் இரண்டாவது நிறுத்தம் இப்போது புழக்கத்தில் இல்லை, இல்லாத நிறுத்தத்தைப் பாட அனுமதித்தால் பொதுமக்கள் அங்கே போய் நிற்க வாய்ப்பிருக்கிறது என்று பதில் வந்தது. வாரியம் ஏழாவதாக இன்னொரு ஆற்றங்கரைப் பாட்டைச் சேர்த்துக்கொண்டது.

*

முடிந்தது என்று நினைத்தாள். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.

"பாட்டெல்லாம் பிரமாதமா அமைஞ்சுடுச்சும்மா" என்றார் கருப்பொருள் அதிகாரி. "இப்ப நாவலை அதுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் திருத்திட்டா போதும்."

"பாட்டுதானே சார் நாவலுக்குத் தகுந்த மாதிரி..."

"அது முதல் கட்டம். இது இரண்டாம் கட்டம். பாட்டுங்க அங்கீகாரம் வாங்கியாச்சு. நாவல் இன்னும் வாங்கலை. அங்கீகாரம் இல்லாததுதானே அம்மா அங்கீகாரம் இருக்கிறதுக்கு இணங்கிப் போகணும்? வீட்டுலயும் அப்படித்தானே?"

அவர் பாட்டு வாரியாகக் கேட்கத் தொடங்கினார்.

"நாவல்ல ஆறு வருதா?"

"இல்லை சார். பஸ் வருது."

"மூணு பாட்டுல ஆறு இருக்கும்மா. ஒரு ஆறு விட்டுடுங்க. பஸ் பாட்டுக்கு அது மேல போகட்டும், பாலம் போட்டுக்கலாம். மழை?"

"ஒரு நாள் பெய்யும் சார். வைப்பர் வேலை செய்யாம, பின்சீட்டுக்காரர் ஒருத்தர் இறங்கி குடையோட முன்னாடி ஓடி..."

"அது வேண்டாம். மழை மட்டும் இருக்கட்டும். அஞ்சாவது பாட்டு முக்கியம். இறுதி ஊர்வலம். ஒருத்தர் வாயிலயும் சொல் இல்லை, எல்லாரும் சிலையா நிக்கிறாங்க. உங்க நாவல்ல அந்தக் கட்டம் எப்படி?"

கவுன்ட்டரம்மா சற்றுத் தயங்கினாள். "சிரிக்கிறாங்க சார்."

"யாரு?"

"எல்லாரும்."

நடந்தது இதுதான். ஹாரனை ஏற்றிய வண்டி வீட்டு வாசலில் கிளம்பத் தயாராக நின்றது. அவரோடு வாழ்நாளெல்லாம் ஒரே பேருந்தில் போன கண்டக்டர், பின்கதவைச் சாத்தினார். சாத்தின கையோடு, பழக்க தோஷத்தில், சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதிவிட்டார். வண்டி கிளம்பலாம் என்று அர்த்தம். ஊதிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. விசில் வாயிலேயே இருந்தது. தெருவே திகைத்து நின்றது. அப்போது மகள் சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பாவிடம் சின்ன வயதில் சிரிப்பது மாதிரி. அதைப் பார்த்து டெப்போ ஆட்கள் சிரித்தார்கள். கவுன்ட்டரம்மாவும் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். வண்டி டிரைவர், கேட்க வேண்டுமா, பதிலுக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

நாத்தனார் அதை மன்னிக்கவில்லை. "பெத்த அப்பன் போறப்ப பல்லைக் காட்டினவ" என்று உறவு முழுக்கப் பரவியது. கல்யாண வீடுகளில்கூட ஜாடை காட்டினார்கள். அன்றைக்குச் சிரித்தவள் அதோடு சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். கவுன்ட்டரம்மா நாவல் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு அத்தியாயத்தை எழுதத்தான். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கான வழி.

இதையெல்லாம் அதிகாரியிடம் அவள் சொல்லவில்லை. "அந்த அத்தியாயம் அப்படியே இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

"அஞ்சாவது பாட்டோட மோதுதேம்மா. பேராசிரியருக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு. சிரிப்பை எடுத்துட்டு மௌனம் வெச்சுடுங்க. ஒரு பக்கம் மிச்சம்தானே?"

"எடுக்கலைன்னா?"

"கோப்பு பொருந்தா நிலைக்குப் போயிடும். அங்க போனது எதுவும் திரும்பி வந்ததில்லைம்மா. பொருந்தா நிலை அதிகாரி பதவி ரொம்ப நாளா காலியா இருக்கு."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தாள். மகள் மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"என்னம்மா, மறுபடி பாட்டா?"

"இல்லை. ஒரு அத்தியாயத்தை எடுக்கச் சொல்றாங்க."

"எதை?"

கவுன்ட்டரம்மா குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினாள். மகளுக்குப் புரிந்துவிட்டது.

"அதை எழுதியிருக்கியா நீ?" அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "எல்லா லைப்ரரிக்கும் போற புத்தகத்துல? அத்தை சொன்னது போதாதா? ஊர் பூராவும் படிக்கணுமா? எடுத்துடும்மா. அவங்க சொல்றதுதான் சரி."

"அவங்க சொல்றதுக்கு அவங்களுக்கே காரணம் தெரியாது. நீ ஏன்டி சொல்றே?"

"நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"உங்கப்பா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

"அவரு இருந்திருந்தா அந்த வண்டியே வந்திருக்காதேம்மா" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரங்கள்.

அவள் சொன்னதே ஹாரன் சொல்லக்கூடிய பதில் என்று கவுன்ட்டரம்மாவுக்குப் பட்டது.

*

அவள் யோசித்தது கொஞ்சம்தான். கவுன்ட்டரில் பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். தன்னுடையதல்லாத குடையைத் தன்னுடையது என்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்வார்கள்: நிறைய விவரம் சொல்வார்கள். அவள் விவரம் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு மூன்றாவது மாடி ஏறினாள். கையில் அதே நாவல். ஒரு எழுத்து மாறவில்லை. மேலட்டை மட்டும் புதிது.

"திருத்தியாச்சாம்மா?"

"ஆச்சு சார்."

"ஆறு?"

"ஓடுது."

"பாலம்?"

"இருக்கு."

"இறுதி ஊர்வலம்?"

"கிளம்பிடுச்சு சார்."

அதிகாரி நாவலைக் கையில் வாங்கினார். எடை பார்ப்பதுபோல ஒருமுறை தூக்கிப் பார்த்தார். திறந்துவிடுவாரோ என்று அவள் அவர் விரலையே பார்த்தாள். அவர் கட்டை விரல் ஓரத்தைத் தொட்டுவிட்டு, கண்ணியமாக விலகிக்கொண்டது.

"முன்னைக்கு இப்ப எவ்வளவோ மேல்" என்றார். முத்திரை குத்தினார்.

*

வெளியீட்டு விழா வாரியத்தின் பெரிய அரங்கில் நடந்தது. மேடையில் இரண்டு வரிசை வாத்தியக்காரர்கள். அதற்குப் பின்னால், நாவலாசிரியருக்கு ஒரு நாற்காலி. உட்கார்ந்தால் அவளுக்குத் தபேலாக்காரரின் முதுகு தெரிந்தது. நான்காவது பாட்டின்போது விளக்கு அவள் மேல் விழும், அப்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, வாரியத்தின் சின்னம் போட்ட ஒரு கைக்குட்டையைக் கொடுத்திருந்தார்கள். நான்காவது பாட்டில் விளக்கு விழுந்தது. தபேலாக்காரர் முதுகின் மேல் விழுந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டெப்போவிலிருந்து வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் ஆற்றங்கரையிலேயே கண்டக்டர் தூங்கிப்போனார். நாத்தனார் முன்வரிசையில் மனம் விட்டு அழுதாள். இப்படி ஒரு புத்தகம் வரும் என்று தெரியாமல் இத்தனை நாள் அவளோடு பேசாமல் இருந்துவிட்டேனே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். மகள் கடைசி நேரத்தில் வந்து கதவருகே நின்றுகொண்டாள்.

ஏழு பாட்டும் முடிந்த பிறகு வாரியத் தலைவர் எழுந்தார்.

"பெரியோர்களே! இந்த நாவலை நான் படிக்கவில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். முன்பெல்லாம் ஒரு நாவலைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதைப் படித்துத் தொலைக்க வேண்டியிருந்தது. இந்த வாரியம் அந்தக் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறது. இங்கே இருக்கும் நீங்கள் எல்லோரும் இப்போது இந்த நாவலை அனுபவித்துவிட்டீர்கள். இனி வீட்டுக்குப் போய் அதைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த கட்டமாக, நாவலே எழுதாமல் பாட்டுகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் திட்டம் பரிசீலனையில் இருக்கிறது. எழுத்தாளர்களின் உழைப்பு மிச்சமாகும். எழுத்தாளர்கள் மேல் எங்களுக்கு இருக்கும் அக்கறை அப்படிப்பட்டது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நாவலாசிரியர் ஏற்புரை என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. ஆனால் அரங்கத்தை ஒப்படைக்கும் நேரம் வந்துவிட்டது. கவுன்ட்டரம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. கால் வலித்தது. அவளுக்குரிய பிரதிகளை வாங்கிக்கொண்டு மகளோடு பேருந்து ஏறினாள்.

ஒரு பிரதியைக் கூடத்து மேஜையில் வைத்தாள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அது மகளின் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. கவுன்ட்டரம்மா பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். பிறகு சில நாள் மகள் பாத்திரம் கழுவுவதில் கவனம் போதவில்லை. டம்ளரில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. கவுன்ட்டரம்மாவே அதை மறுபடி கழுவி வைத்தாள்.

மழைக்காலம் தொடங்கி, கவுன்ட்டரில் குடைகள் குவிய ஆரம்பித்த ஒரு சாயங்காலம், வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை ஈரம். மகள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கருப்பொருள் அதிகாரி.

"அம்மா, உங்க நாவல் சம்பந்தமா ஒரு புகார் வந்திருக்கு." அவர் குரல் கலங்கியிருந்தது. "ஒரு நூலகத்துல, அமைதிப் பகுதியில உட்கார்ந்து படிச்ச ஒரு பொம்பளை சிரிச்சுட்டாங்களாம்."

கவுன்ட்டரம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "சிரிச்சுட்டாங்களா?"

"சத்தமா. நூலகர் ரெண்டு தடவை சொல்லியும் நிறுத்தலை. அப்புறம் அழ ஆரம்பிச்சுட்டாங்க, அழுதுக்கிட்டே மறுபடி சிரிச்சிருக்காங்க. புத்தகத்தைப் பறிச்சுத்தான் அமைதிப்படுத்தியிருக்காங்க. இறுதி ஊர்வலப் பக்கம் திறந்திருந்துச்சாம். அஞ்சாவது பாட்டும்மா அது! மௌனம்! எப்படி சிரிப்பு வரும்?"

"நீங்க அந்தப் பக்கத்தைப் பார்த்தீங்களா சார்?"

"என்னம்மா நீங்க, தெரிஞ்சே கேக்கறீங்க." அவர் புண்பட்டுப் போனார். "விளக்கம் அனுப்பணும். இழப்புங்கிற கருப்பொருள்ல பக்கவிளைவு ஏற்பட்டதுக்குக் காரணம் என்னன்னு. நீங்க சொன்னா நான் எழுதிக்கிறேன். வாசகரோட மனநிலைன்னு போடவா? நூலகத்தோட காற்றோட்டம்னு போடவா?"

கவுன்ட்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"சார், நான் அவங்க பொண்ணு பேசறேன். சிரிச்சவங்க வீட்டுலயும் யாராவது போயிருப்பாங்கன்னு எழுதிக்கோங்க."



"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"'இதர'ன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க சார்."

தாள்கள் புரளும் ஓசை வெகுநேரம் கேட்டது. இருந்தது.